கடிபட்ட புத்தகங்கள்

அந்தக் குடியிருப்பில் நான்கு மாடிகள், நூற்று நாற்பத்து நான்கு வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை. கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பின்னால், முன்பு தண்ணீர் மோட்டார் இருந்த இடம்தான் நூலகம். மோட்டாரைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள், தரையில் நின்ற நான்கு போல்ட்டுகளை மட்டும் பிடுங்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அவற்றின் மேல் பலகை போட்டு, பலகை மேல் மெத்தை போட்டு, அதையே உட்காரும் இடமாக்கிவிட்டாள் புக்கக்கா.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது மின்சாரக் கட்டணச் சீட்டில் மட்டும் வரும். புக்குக்கும் அக்காவுக்கும் நடுவில் மூச்சு விட நேரமில்லாத ஏதோ ஒரு குழந்தையின் வாயில் பிறந்தது புக்கக்கா. பிறகு குடியிருப்பே அதைப் பிடித்துக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் புருஷனும், கோபம் வந்தால் மட்டும், அப்படித்தான் கூப்பிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நான்காவது மாடியில் குடியிருந்தான். இதைப் பற்றி அவனிடம் யாரும் இப்போது பேசுவதில்லை. பேசிப் பேசி எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

நகரத்துப் பெரிய நூலகத்தில் பதினோரு வருஷமாகப் புக்கக்கா துப்புரவு வேலை பார்த்தாள். குழந்தைகள் பகுதியில் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள். தூசி இருக்கும், கைரேகை இருக்காது. கைரேகை இல்லாத நாள் துடைக்கிறவளுக்கு நல்ல நாள்தான். ஆனால் பதினோரு வருஷமும் நல்ல நாளாகவே இருந்தால் எங்கேயோ கோளாறு என்று அவளுக்குத் தோன்றியது. தன் குடியிருப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எண்ணிப் பார்த்தாள். அறுபத்து மூன்று. இரண்டு பஸ் மாறி இங்கே வந்தது ஒன்றுகூட இல்லை.

எட்டாவது வரை படித்தவள். சாப்பாட்டு நேரத்தில் அந்த அலமாரியை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை படித்து முடித்திருந்தாள். எங்கள் கட்டடத்தில் ஒரு மோட்டார் அறை காலியாக இருக்கிறது, புத்தகம் கொடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனு எழுதினாள். பதில் வரவில்லை. அதே மனுவைத் தேதி மட்டும் மாற்றி ஏழு தடவை கொடுத்தாள். ஏழாவது தடவை அலுவலகம் களைத்துப்போய்ச் சம்மதித்தது: நாற்பது அட்டைப் புத்தகங்கள், ஒரு வருஷச் சோதனை. காலையில் பெரிய நூலகத்தில் துடைப்பு, மதியத்துக்கு மேல் இங்கே. வருஷக் கடைசியில் ஓர் அதிகாரி வந்து, புத்தகங்கள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்று பார்ப்பார். பயன்படவில்லை என்றால் அலுவலகத்தின் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்க அறையை எடுத்துக்கொள்வார்கள்.

"நாற்காலிங்க ஏற்கெனவே வந்து அளவெடுத்துட்டுப் போயிடுச்சு" என்றான் புருஷன்.

முதல் மாதம் போன புத்தகங்கள் எல்லாம் போன மாதிரியே திரும்பி வந்தன. ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. பெரிய நூலகத்தில் பழகிய கண்ணுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது. இரண்டாம் மாதமும் அப்படியே வந்தபோது கைரேகை இல்லாத கண்ணாடி அலமாரி நினைவுக்கு வந்தது. மாடி மாடியாக ஏறிப் போய்க் கேட்டாள்.

மூன்றாவது மாடித் தையற்காரி பீரோவைத் திறந்து காட்டினாள். பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவில், துண்டில் சுற்றி, புத்தகம் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியில் கடைப் பலகை எழுதும் பெயிண்டர் ஒருவன் இருந்தான். மூன்று வயது இரட்டைப் பையன்களுக்கு அப்பா. அவன் வீட்டில் புத்தகம் பிளாஸ்டிக் பைக்குள், உத்தரத்தில் தொங்கியது.

"எதுக்குப்பா அங்க?"

"கைக்கு எட்டக் கூடாதுல்ல அக்கா. கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?"

அன்றைக்கே புக்கக்கா சட்டம் போட்டாள். கிழிந்தால், நனைந்தால், தின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் சுத்தமாகத் திரும்பி வந்த புத்தகம் அதே வீட்டுக்கு மறுபடி போகும். "படிக்கல, திரும்பக் கொண்டு போ" என்பாள். தையற்காரிக்கு ஒரே புத்தகம் மூன்று தடவை திரும்பிப் போனது. மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னும் பாஸாகலயா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்காவது தடவை அவள் கண் கலங்கி வந்து நின்றாள். "அக்கா, நீங்க சொன்னீங்கன்னு கீழ வச்சேன். என் பொண்ணு முயல் காதத் தின்னுட்டா."

புக்கக்கா புத்தகத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நான்காம் பக்கம், வலது மேல் மூலை. மாலை வெயிலில் பல் தடம் ஒவ்வொன்றும் குழி குழியாகத் தெரிந்தது.

"மேல ரெண்டு, கீழ நாலு. ஆறு."

"அஞ்சுதான் அக்கா இருக்கு."

"வாயத் தொறந்து பாரு."

தையற்காரி இடுப்பிலிருந்த மகளின் வாயைத் திறந்து விரலை விட்டாள். ஆறாவது பல், அரிசி நுனி அளவுக்கு, முளைத்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாத சங்கதி புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது. அழ வந்தவள் சிரித்துவிட்டாள். அந்தக் குழந்தைக்கு அன்று முதல் கரையான் என்று பெயர்.

"வாயில போடாம குழந்தை எதையும் நம்பாது" என்று அம்மாக்களிடம் சொல்வாள் புக்கக்கா. "முதல்ல ருசி பாக்கும். அப்புறம் தட்டும், புரட்டும். அப்புறம் ஒருநாள் விரல வச்சுக் காட்டும். காட்டுறப்ப நீ பக்கத்துல இருந்து பேரச் சொல்லணும், அவ்ளோதான் வேலை. எழுத்து தெரியலன்னா படத்தப் பாத்துச் சொல்லு. தப்பாச் சொன்னாலும் முயல் கோவிச்சுக்காது."

அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடது பக்கம் சேதம், வலது பக்கம் சொல். தேதி, வீட்டு எண், பக்க எண் எல்லாம் துல்லியமாக இருக்கும். "கரடி வாயில் கஞ்சி ஊட்டப்பட்டுள்ளது." "பக்கம் 7, நிலாவில் பாதி இல்லை, வயிற்றுக்குள் போயிருக்கலாம்." அதற்கு அடுத்த நாள் தேதியிட்டு: "உறுதியானது." வலது பக்கத்தில்: "கரையான் இன்று 'போ' என்றாள். யாரை என்று தெரியவில்லை."

சொற்கள் பெருகின. கட்டடத்தின் சத்தமே மாறிவிட்டது. பெயிண்டர் தன் இரட்டையருக்குச் சிங்கம் படித்துக் காட்டினால், பக்கத்து வீட்டுச் சலவைக்காரர் காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார். "உங்க சிங்கத்துக்கு ஒரு ராத்திரியாவது தொண்டை கட்டாதா தம்பி?" அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை போடும் ஓர் அம்மா, வேலை முடிந்து வந்தால் வீட்டுக்கு ஏற முடியாது, மகன் படியிலேயே மறித்து உட்கார வைத்துவிடுவான். பஸ் புத்தகம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் செருப்பைக் கழற்ற அனுமதி.

வருஷம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. வியாழக்கிழமை அதிகாரி வருகிறார். அதற்கு முந்தைய இரண்டு நாளும் புக்கக்கா தலைமை அலுவலகத்திலேயே தங்கிப் புத்தகப் பராமரிப்புப் பயிற்சி பெற வேண்டும். அவள் சாவியைத் தையற்காரியிடம் கொடுத்தாள்.

"சும்மா கூட்டி மட்டும் வை. வேற எதையும் தொடாத."

தையற்காரி தொடக்கூடாது என்றுதான் நினைத்தாள். கூட்டிக்கொண்டிருந்தவள் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அதிகாரியின் கண்ணால் பார்த்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். அரை மணி நேரத்தில் படிக்கட்டில் கூட்டம் கூடிவிட்டது.

"அக்காவுக்குத் தெரியும் கடிச்சா நல்லதுன்னு. ஆபீஸ்காரங்களுக்குத் தெரியுமா?" என்றாள் தையற்காரி.

"இதப் பாத்தாங்கன்னா நூலகமா, எலிப்பொறியான்னு கேப்பாங்க" என்றான் பெயிண்டர்.

"பழி யாரு தலையில விழும்? அக்கா தலையில" என்றாள் பெட்டிக் கம்பெனி அம்மா. "நாம தின்ன வச்சதுக்கு அவங்க வேலை போகணுமா?"

"தின்ன வச்சது நானில்ல. என் வீட்டுல அதுவாத் தின்னுச்சு."

"ஆமா, உங்க வீட்டுல எல்லாம் அதுவாத்தான் நடக்கும்."

இரண்டு நாளும் அந்தக் கட்டடத்தில் யாரும் உருப்படியாக வேலைக்குப் போகவில்லை. பெட்டிக் கம்பெனி அம்மா ஒரு டப்பா பசையும் அதே கனத்தில் வெள்ளை அட்டையும் கொண்டுவந்தாள். கடிபட்ட மூலை ஒவ்வொன்றுக்கும் தையற்காரி காகிதத்தில் மாதிரி வெட்டி, அட்டையில் வைத்து, இழை பிசகாமல் நறுக்கிப் பொருத்தினாள். சலவைக்காரர் மேலே துணி போட்டு, நனைந்து சுருங்கிய பக்கங்களை இஸ்திரி போட்டார். பெயிண்டர் புது மூலைகளில் படத்தை வரைந்து முடித்தான். முயலுக்குக் காது வந்தது. நிலா முழுதானது. பலகை எழுதிப் பழகிய கை ஆனதால், காதுக்கு ஒரு பக்கம் நிழலும் கொடுத்துவிட்டான். மற்றபடி தடவிப் பார்த்தாலும் ஒட்டு தெரியவில்லை. நாற்பது புத்தகங்களும் தட்டில் அடுக்கியிருந்ததைப் பார்த்து அவர்களுக்கே கைதட்டத் தோன்றியது. ஒரு புத்தகத்தைத் தேடிக் கிடைக்காமல், அதே மாதிரி அட்டை போட்டு ஒரு டம்மி செய்து வைத்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்கள்.

கடைசியாகக் குழந்தைகள். முகம் கழுவி, தலை வாரி, உதட்டில் விரலை வைத்துக் காட்டி இரண்டு நாள் பழக்கினார்கள். "மேடம் போற வரைக்கும் மூச்சுக் காட்டக் கூடாது."

வியாழக்கிழமை அதிகாரியின் வண்டியிலேயே புக்கக்கா வந்து இறங்கினாள். அதிகாரி குள்ளமான, நிதானமான பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். அறைக்குள் அம்மாக்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். இருபத்துச் சொச்சம் குழந்தைகள் மெத்தையிலும் தரையிலும் பொம்மைக்கடை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

புக்கக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. இந்த அறையில் இவ்வளவு அமைதியை அவள் கேட்டதே கிடையாது.

அதிகாரி தட்டிலிருந்து ஒன்று எடுத்தார், இரண்டு எடுத்தார், பத்து எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு வருஷம் ஆச்சு இல்ல?"

"ஆச்சு மேடம்."

"நான் அனுப்பினதவிடப் புதுசா இருக்கு."

பிறகு நோட்டைக் கேட்டு வாங்கினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "நாலாம் பக்கம், வலது மேல் மூலை, முயல் காது தின்னப்பட்டது, பல் ஆறு. அப்படின்னு எழுதியிருக்கு." புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "காது இங்கதான் இருக்கு. நிழலோட இருக்கு."

புக்கக்கா காதைப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகப் பார்த்தாள். தையற்காரி தரையைப் பார்த்தாள். பெயிண்டர் கூரையைப் பார்த்தான். சலவைக்காரர் தன் கையையே யாரோ கொடுத்த கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்துவிட்டது. நடந்ததைச் சொன்னால், அலுவலகப் புத்தகத்தை வெட்டி ஒட்டினார்கள் என்று அவர்கள் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு வருஷமும் பொய்.

அதிகாரி குனிந்து, கரையானிடம் யானைப் படத்தைக் காட்டினார். "பாப்பா, இது என்ன?"

கரையான் கண்ணை அகல விரித்து, உதட்டின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த இரட்டையரும் வைத்துக்கொண்டார்கள். விரல் அறை முழுக்கப் பரவியது.

"நோட்டுல இந்தப் பாப்பாவுக்கு அறுபத்தொரு வார்த்தைன்னு போட்டிருக்கு" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நோட்டு ஒண்ணு சொல்லுது, புத்தகம் ஒண்ணு சொல்லுது. நான் எத நம்பறது? இப்படி இருந்தா மூடறதுன்னுதான்மா எழுதணும்."



"மேடம்." தையற்காரியின் குரல் தையல் மிஷின் கிளம்புகிற மாதிரி தடுக்கித் தடுக்கி வந்தது. "அக்கா பொய் எழுதல. அந்தக் காத என் பொண்ணு தின்னா. நான்தான் ஒட்டினேன்."

முன்னால் வந்து, பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். ஒட்டு இருக்கும் இடம் அவளுக்குத்தான் தெரியும். நுனியை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினாள். இரண்டு நாள் வேலை ஒரு துண்டாகக் கையோடு வந்தது. அடியில் கடி.

அதிகாரி ஜன்னல் பக்கம் போய் எண்ணினார். "ஏழு இருக்கே. நோட்டுல ஆறு."

"ஏழாவது அடுத்த வாரம் போட்டது மேடம்" என்றாள் புக்கக்கா. "ரெண்டு வரி தள்ளிப் பாருங்க."

அதிகாரி பார்த்தார். தேதியோடு இருந்தது.

அவர் முகத்தில் ஏதோ இளகியதை முதலில் கவனித்தவன் பெயிண்டர். "மேடம், என் பசங்க யானையத் தண்ணி டிரம்முல முக்கிட்டானுங்க. அதுக்குத் தாகமாம்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று அவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள் பெட்டிக் கம்பெனி அம்மா. "என் பையன் பஸ்ஸ அக்கு அக்காப் பிரிச்சு, மாடிக்கு ஒரு பக்கமா விட்டுட்டு வந்தான். ஸ்டாப்பு ஸ்டாப்பா. பொறுக்கி ஒட்டினது நான்."

"நிலாவத் தின்னது எங்க வீட்டுல மேடம். பாதி நிலா."

"பாதிதானே? எங்க வீட்டுல குதிரைக்கு வாலும் இல்ல, வண்டியும் இல்ல."

"நான் இஸ்திரி போட்டேன்" என்றார் சலவைக்காரர். "என் வீட்டுல குழந்தையே கெடையாது. ஆனா முப்பத்தொரு பக்கம் போட்டேன். அதையும் எழுதிக்குங்க."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒட்டை மறைத்தவர்கள் இப்போது போட்டி போட்டுப் பிரித்தார்கள். புத்தகத்தைப் பிடுங்கி, நகத்தால் கிழித்து, அதிகாரி மூக்குக்கு நேராக நீட்டினார்கள். அவருடைய படிவத்தில் "சேதம் இருப்பின் விவரம்" என்று மூன்று வரி விட்டிருந்தது. அது தையற்காரியோடு தீர்ந்துவிட்டது. "பேப்பர் குடுங்க" என்றார். கொடுத்தார்கள். "இன்னொண்ணு குடுங்க."

பின்வரிசையில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், அந்தக் கடைசிப் புத்தகம் டம்மி. அசல எங்க வீட்டுல தொலைச்சுட்டோம்."

ஒட்டைப் பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. தின்றது வேறு, தொலைத்தது வேறு.

"தொலைக்கல" என்றாள் புக்கக்கா. "உன் பொண்ணு தலகாணி உறைக்குள்ள வச்சிருக்கா. அதக் கட்டிப் பிடிச்சாத்தான் தூக்கம் வருதுன்னு அவளே எங்கிட்ட வந்து சொன்னா. எழுதியிருக்கேன், பக்கம் இருபத்தெட்டு."

அதிகாரி இருபத்தெட்டாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு நோட்டின் வலது பக்கத்துக்கு வந்து, கரையான் முன்னால் மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தையின் விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது. நுனி வெளுத்துப் போயிருந்தது.

"பேசலாம்டி" என்றாள் அம்மா.

இரண்டு நாளாக அடைத்து வைத்த குழாயைத் திறந்த மாதிரி ஆகிவிட்டது. "முயல். காது. காது இல்ல. நான் தின்னேன். யானை தண்ணி. பெரிய யானை. பாப்பா போ. இது என்து." இரட்டையர் சிங்கமானார்கள். பெட்டிக் கம்பெனிப் பையன் ஒவ்வொரு ஸ்டாப்பின் பெயரையும் கூவி ஆள் ஏற்றினான். யாரோ கரடிக்குக் கஞ்சி வேண்டும் என்று அழுதார்கள். அதிகாரி பேனாவால் ஒவ்வொரு சொல்லாகச் சரி போட்டுக்கொண்டே போனார். எண்ணிக்கை தவறியதும் முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடி தவறியது. அதற்குள் ஒருவன் அவர் மடியில் ஏறிப் புத்தகத்தைத் திணித்துவிட்டான். படித்துக் காட்டாமல் இறங்க மாட்டான் என்று தெரிந்து, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முடித்தபோது பின்னால் ஏழு பேர் புத்தகத்தோடு நின்றார்கள்.

எட்டாவது புத்தகத்தில் அவர் குரல் கம்மிவிட்டது. கரையான் அவர் கன்னத்தைத் தட்டி, "மேதம், இன்னொண்ணு" என்றாள்.

"இது நோட்டுல இல்ல" என்றார் அதிகாரி.

"உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க மேடம்" என்று வாங்கி, அறுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள் புக்கக்கா.

மாலை ஐந்தரைக்கு அதிகாரி கிளம்பினார். என்ன எழுதப்போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லக் குரலும் இல்லை. மூன்று வாரம் புக்கக்கா மனுஷியாக இல்லை. பெரிய நூலகத்தில் ஒரே கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். புருஷன் நாற்காலிகளைப் பற்றிய நகைச்சுவையை நிறுத்திவிட்டான். அதிலேயே அவளுக்குப் பயம் அதிகமானது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கடிதம் வந்தது. நூலக வாசலில் நின்றபடியே பிரித்தாள். அதிகாரியின் கையெழுத்துச் சிறியது, நேரானது. "பயன்பாடு: அறுபத்து மூன்று குழந்தைகள். புத்தகங்களின் நிலை: மிகவும் மோசம். பரிந்துரை: கிளையை நிரந்தரமாக்கலாம். மேலும் எண்பது புத்தகங்கள் அனுப்பலாம். யாரும் எதையும் ஒட்ட வேண்டாம்."

அவள் மூன்று தடவை படித்தாள். அவ்வளவையும் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. கதவைப் பூட்டக்கூட இல்லை, படியேறினாள். முதல் மாடியில் கண்ணில் பட்டவளிடம் சொன்னாள். இரண்டாவது மாடியில் பெயிண்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் தலைக்கு மேல் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடிக்கு அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது தையற்காரி மிஷினை விட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தாள். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான்காவது மாடிப் படியின் கடைசியில், இடுப்பில் குழந்தையோடு, வியர்த்த முகத்தோடு ஒருத்தி எதிரே ஓடி வந்து புக்கக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களத்தான் தேடிட்டு வந்தேன். விஷயம் தெரியுமா உங்களுக்கு?"

புக்கக்காவுக்கு மூச்சே வரவில்லை. தெரியாது என்று தலையாட்டிவிட்டு, முழுவதையும் முதலிலிருந்து சொல்லக் கேட்பதற்காக அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.